சீம்பால் சாப்பிட்டவர்கள்

செவலை காலையிலிருந்து தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கிக் கன்றுக்குட்டியின் முதுகில் விழுந்தது.

அம்சம் அதன் வாயைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள். அவள் புருஷன் காத்தானும் தன் பங்குக்குத் துழாவினார். பல் இருந்தது, நாக்கு இருந்தது. வேறொன்றும் அகப்படவில்லை.

"ஏங்க, மாட்டு டாக்டருக்குப் போன் போட்டீங்களா?"

"போட்டேன். எங்கயோ முகாம்ல இருக்காராம். முடிச்சுட்டு நேரா இங்க வர்றாராம்."

அந்த நேரம் பார்த்துப் பஞ்சநதம் சைக்கிளில் போனார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறையில் தகராறாகி, அவருக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சு நின்று வெகு நாளாயிற்று. ஆனால் கெட்ட செய்தி சொல்ல மட்டும் அவர் பகை பார்ப்பதில்லை.

"கையை எடு அம்சம்! இது வெறி. போன மாசம் உங்க கொட்டகையில ஒரு நாய் பூந்து ஓடுச்சே, மறந்துட்டியா? நாய்கிட்டேருந்து மாட்டுக்கு, மாட்டுகிட்டேருந்து மனுஷனுக்கு. இன்னிக்குத்தான் படிச்சேன்."

"எதுல படிச்சீங்க?"

"போன்லதான்."

அம்சம் ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவும்போதுதான் சீம்பால் ஞாபகம் வந்தது.

செவலை அந்த வீட்டின் முதல் மாடு. அம்சத்தின் அம்மா காலமெல்லாம் பிறத்தியார் கொட்டகையில் சாணி அள்ளியவள். சீம்பால் வாங்கிப் பழக்கம் உண்டு, கொடுத்துப் பழக்கமில்லை. அதனால் போன வாரம் செவலை கன்று போட்டதும், அம்சம் தூக்குவாளி நிறையச் சீம்பால் கறந்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் ஏழு வீடுகளைச் சொல்லிக் காத்தானை வண்டியில் அனுப்பினாள். பஞ்சநதத்தின் வீட்டை வேண்டுமென்றே விட்டாள். விஜயம் டீச்சர் வீட்டை முதலில் சொன்னாள். ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்து நிலமெல்லாம் டீச்சர் குடும்பத்துடையது. தன் வீட்டுப் பால் அந்த வீட்டு அடுப்பில் ஏறியிருக்கிறது என்ற நினைப்பில் அம்சம் ஒரு வாரமாக நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள்.

இப்போது அந்தத் தெருவில் ஒருத்தருக்கு ஒன்று ஆகிவிட்டால்? அதற்குப் பிறகு அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் யார் வாங்குவார்கள்?

"பால் வாங்கின வீட்டுக்கெல்லாம் சொல்லணுங்க."

காத்தான் தலையைச் சொறிந்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகாதுடி."

"நீங்க என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல. ஆனா ஆகாது."

"வாயை மூடிட்டு வண்டிய எடுங்க. மொதல்ல நாம ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று, போகிற வழியில் சைத்தூன் பீவியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள். ஏழு வீட்டில் அதுவும் ஒன்று. மற்ற ஆறு வீட்டுக்கும் பீவி பக்குவமாகச் சொல்லிவிடுவாள் என்று கணக்கு.

பீவி நெஞ்சில் கை வைத்தாள். "யா அல்லா! என்னா ருசின்னு பாத்திரத்தை வழிச்சுல்ல சாப்பிட்டோம்!"

அம்சத்துக்குப் பயத்திலும் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

பீவி பக்குவமாகத்தான் சொன்னாள். ஆனால் வாசலில் நின்று சொன்னாள். அம்சமும் காத்தானும் சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கி உட்காருவதற்குள் தெருவே வந்து இறங்கிவிட்டது. முன்னால் பஞ்சநதம், பின்னால் அவர் சம்சாரம்.

"எங்க வீட்டுக்கும் வந்துச்சு டாக்டர்," என்றார் பஞ்சநதம்.

அம்சம் அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். 'உங்களுக்கு எப்ப குடுத்தேன்?' என்று நாலு பேருக்கு நடுவில் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமா டாக்டர். அண்ணன் வீட்டுக்கும்தான்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு பால் வராத வீடு என்று அந்தத் தெருவில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை.

டாக்டர் ஸ்ரீவித்யா கூட்டத்தை எட்டிப் பார்த்தார். "எவ்ளோ பால்மா குடுத்தீங்க?"

"ஒரு தூக்குவாளி."

"இத்தனை பேருக்கா?"

"எங்க செவலைப் பால் நல்ல கெட்டி டாக்டர்," என்றாள் அம்சம். "கொஞ்சமே போதும்."

டாக்டர் நிதானமாக விளக்கினார். மாட்டின் வாயில் கைவிட்ட இரண்டு பேரும் கட்டாயம் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சின பாலால் வெறிநோய் வராது, வேகவைத்த சீம்பாலாலும் வராது. "அதனால மத்தவங்க பயப்படாம வீட்டுக்குப் போகலாம்."

அம்சத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஒருத்தரும் நகரவில்லை.

"அதெப்படி?" என்றார் பஞ்சநதம். "குடுத்தவங்களுக்கு ஊசி, வாங்கினவங்களுக்கு இல்லையா? அப்ப நாங்க வாங்கலைன்னு ஆயிடாதா?"

"நான் வெல்லம் போட்டு ஆவியில வெச்சேன் டாக்டரம்மா," என்றாள் பீவி. "ஓரமெல்லாம் வெந்துச்சு. நடுவுல வெந்துச்சான்னு யாரு கண்டா?"

"நாங்க ஏலக்காய்கூடத் தட்டிப் போட்டோம்," என்றார் பஞ்சநதத்தின் சம்சாரம்.

"ஏலக்காய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

காத்தான் எழுந்தார். "நான் ஒண்ணு சொல்லலாமா டாக்டர்? இவங்க யாருக்கும் ஊசியே வேணாம்..."

"உக்காருங்க!" அம்சம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களே."

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. விஜயம் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு இறங்கினார். கூட்டம் தானாக வழிவிட்டது.

பஞ்சநதம் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். அவர் முணுமுணுப்பு வயலில் ஆள் கூப்பிடுகிற அளவுக்குக் கேட்கும். "டீச்சர் எதுக்கு வந்திருக்காங்க? இவங்க வீட்டுப் பாலை அவங்க சாப்பிட்டிருக்கவா போறாங்க? கொல்லையில ஊத்தியிருப்பாங்க."

டீச்சர் நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"யாரு சொன்னது? நான் பச்சையாவே ஒரு டம்ளர் குடிச்சேன்."

கூட்டம் மொத்தமும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தது.

"பச்சையாவா?" டாக்டர் எழுந்தே விட்டார். "அப்படின்னா உங்களுக்குப் போட்டே ஆகணும் டீச்சர்."

"தாராளமா போடுங்கோ." டீச்சர் புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். ஊசி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "பால் அமிர்தமா இருந்துது அம்சம்."

அம்சத்துக்கு, அம்மா இதைக் கேட்க இல்லாமல் போனாளே என்று தோன்றியது.

"இப்பதான் ஞாபகம் வருது," என்றார் பஞ்சநதம், சட்டையை மடித்துவிட்டபடி. "நானும் பச்சையாதான் குடிச்சேன்."

"நாங்களும்தான்!" என்றாள் பீவி. "வேக வெக்கிறதுக்கு முன்னாடியே பாதி காலி."

டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். மிரட்டிப் பார்த்தார். பச்சையாகக் குடித்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்யும்போது எந்த டாக்டரும் வீட்டுக்குப் போ என்று சொல்ல முடியாது. தஞ்சாவூருக்குப் போன் போட்டுக் கூடுதல் மருந்து வரவழைத்தார். ஒருவர் விடாமல் வரிசையில் நின்றார்கள்.

கடைசி ஆள் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தபோது அம்சத்தின் போன் அடித்தது. மாட்டு டாக்டர் செழியன்.

"எங்கம்மா போயிட்டீங்க எல்லாரும்? மாட்டுத் தொண்டையில பனங்கொட்டை சிக்கியிருந்துச்சு. எடுத்துட்டேன். குடம் குடமா தண்ணி குடிக்குது. வெறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

சண்டைக்கு வருவார்கள் என்று அம்சம் பயந்தாள். ஒருவரும் வரவில்லை.

"நல்ல சேதி," என்றாள் பீவி. "அடுத்த ஈத்துக்கும் மறக்காம அனுப்பு."

"எங்க வீட்டுக்கும்," என்றார் பஞ்சநதம், முதல் தடவையாக மின்விசிறியை விட்டு அவள் முகத்தைப் பார்த்து.

திரும்பும்போது வண்டியின் பின்னால் அம்சம் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "பாத்தீங்களா? வேக வெக்கக்கூடப் பொறுமை இல்லாம குடிச்சிருக்காங்க. அதுவும் டீச்சர்! நம்ம வீட்டுப் பாலுங்க அது!"

காத்தான் வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தினார். ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டே தண்ணீரைக் காட்டினார்.

"அன்னிக்கு இங்கதான்டி வண்டி சறுக்குச்சு. பால் மொத்தமும் வாய்க்கால்ல போச்சு, நான் ஒரு வீட்டுக்கும் போகவே இல்ல."