டிம்பிரைட்டும் எட்டாவது தாலியும்

அன்றைக்கு அந்த லாரி கேபினுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாராவது வந்து "நானும் இருந்தேனே" என்று நின்றால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். ஸ்டியரிங்கில் டிரைவர் மணி. அவருக்குப் பக்கத்தில் போர்வெல் ரிக்கில் வேலை பார்க்கும் தனபால். பின்னால் படுக்கிற பலகையில் தனபாலின் அம்மா பாவாயம்மா. அந்த அம்மாவை ஒட்டி, மடியில் லேப்டாப்போடு நான். எங்கள் எல்லோருக்கும் குறுக்கே, கியர் ராடுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக டிம்பிரைட். மொத்தம் ஐந்து பேர். என் வீட்டுக்காரர் இல்லை. ஆத்தூரில் ஒரு காதுகுத்துக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தார்.

வெளிச்சம் என்கிற சமாச்சாரத்தைப் பற்றி டிம்பிரைட்டுக்குத் தெரிந்த அளவு இந்த உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. சூரியனுக்கே ஒருநாள் சந்தேகம் வந்தால், புதுச்சத்திரத்தில் இறங்கி, பஞ்சர் கடைக்கு அடுத்த கடை எது என்று விசாரித்துக்கொண்டு வந்துதான் ஆக வேண்டும்.

அந்தக் கடையின் போர்டில் "ஹெட்லைட், ஹாரன், செல்ஃப் மோட்டார், கம்ப்யூட்டர்" என்று ஒரே வரிசையில் எழுதியிருக்கும். இருபது வருடம் லாரிக்கு ஒயரிங் பார்த்தவர். ஒரு லாரி ஆபீசுக்கு டெயில் லைட் மாற்றப் போன இடத்தில், பில் போடும் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்ததாம். "இதுக்குள்ளயும் ஒயருதானுங்க இருக்கும்" என்று கழற்றி, உள்ளே இருந்த தூசியை வாயால் ஊதி, மறுபடி மூடினாராம். உயிர் வந்துவிட்டது. அன்றோடு அவர் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

எதிரே வண்டி வந்தால் லாரிக்காரர்கள் ஹெட்லைட்டைத் தாழ்த்துவது டிம், ஏற்றுவது பிரைட். இவருக்கு உலகமே அந்த இரண்டில் அடங்கிவிடும். டீ கொடுத்தால் குடித்துப் பார்த்து "டிம்மா இருக்குதுங்க" என்பார். உடம்பு எப்படி என்றால் "பிரைட்டுங்க". சம்சாரம் சௌக்கியமா என்று கேட்டால் ஒருமுறை கடைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "காலையில இருந்து டிம்முதானுங்க" என்பார். அவருடைய சொந்தப் பெயரை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று பயம்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. எந்த வேலை முடிந்தாலும் லாரிக்குச் செய்வது போல எலுமிச்சம்பழம் வைப்பார். லேப்டாப்புக்குச் சக்கரம் கிடையாது என்பதால் பழத்தைத் தன் செருப்புக் காலாலேயே நசுக்கிவிடுவார். இன்னொன்று, பழுதைத் தன் கண்ணால் பார்க்காமல் பத்துப் பைசா வாங்கமாட்டார். "நோயே தெரியாம ஊசி போட்டா அது பாவமுங்க" என்பார்.

இந்த இரண்டாவது வழக்கத்தால்தான் மூன்று வாரம் என் ரத்தக் கொதிப்பு ஏறியது.

நாங்கள் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். வீட்டுக்காரர் எடுப்பார், நான் வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி மிக்ஸிங் செய்வேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். பட்டனை அமுக்கி அமுக்கிக் கற்றுக்கொண்ட வேலை இது. பாவாயம்மாவின் மகள் கல்யாணத்தை மிக்ஸ் பண்ணி முடித்து, திரை முழுக்க விரித்து ஓட்டிப் பார்த்தேன். விடியற்காலை முகூர்த்தம். அரக்குப் பட்டில் பெண் வந்து உட்காருகிறாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். திரை மங்குகிறது. யாரோ திரியை மெல்ல இறக்குவது போல மங்கி, தாலி கட்டும்போது பெண்ணின் முகம் இருக்கும் இடத்தில் ஒரு நிழல்தான் இருக்கிறது.

பழி என் தலையில்தான் விழும் என்று தோன்றியது. காரணம் உண்டு. கல்யாணத்தன்று மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஃபோகஸ் லைட் பந்தல் துணிக்கு ஒரு முழம் தள்ளி எரிந்துகொண்டிருந்தது. துணி பற்றிக்கொள்ளும் என்று நான்தான் என் வீட்டுக்காரரை நச்சரித்து அதை அணைக்கச் சொன்னேன். ஆகவே தாலி இருண்டுபோனது என்னால். திரும்ப எடுக்க முடியுமா? மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கட்டுங்கள் என்று கேட்க முடியுமா?

வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டிம்பிரைட்டிடம் ஓடினேன். அவர் லேப்டாப்பின் மேல் காதை வைத்துக் கேட்டார். ஒயரைச் சொருகினார். படத்தை ஓட்டினார். பளபளவென்று தாலி ஏறியது. பெண்ணின் மூக்குத்திக்கல்கூடத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஓட்டினேன். இருட்டு.

மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். "வண்டிக்கு முதல்ல டீசல் ஊத்தணுமுங்க" என்று சார்ஜரைச் சொருகிவிட்டு ஓட்டினார். பளபளப்பு. அவர் தெருமுனை தாண்டியதும் நான் ஓட்டினேன். இருட்டு. நாலு தடவை இப்படி. நாலாவது தடவை அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மணி, கண்ணு டாக்டருகிட்டப் போனீங்களா?"

போனேன். இராசிபுரம் போய்க் கண்ணாடியே வாங்கி வந்தேன். போட்டுக்கொண்டு பார்த்தேன். மங்கியது. முன்னைவிடத் தெளிவாக மங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நாள் வந்தது. மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை கரண்ட் எடுக்கிற நாள். பதினோரு மணிக்குப் பாவாயம்மாவும் தனபாலும் வந்து வாசலில் நிற்கிறார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு வராத அண்ணன் தனபால். வராமல் என்ன, வர முடியாமல். சட்டீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது குழிக்குள் ராடு மாட்டிக்கொண்டதாம். அத்தனை விலை ராடை விட்டுவிட்டு யார் ஊருக்கு அனுப்புவார்கள்? அதை எடுத்து முடிக்கிறதற்குள் இங்கே தாலி கட்டி, விருந்து முடிந்து, பந்தலைப் பிரித்துவிட்டார்கள். இப்போது ஒருநாள் லீவில் வந்திருக்கிறார். ஒரு மணிக்கு மறுபடி கிளம்ப வேண்டும். போனால் தீபாவளிக்குத்தான். துளை போடும் ராடு, பிட்டு ஏற்றிய லாரி எங்கள் தெருமுனையில் தயாராக நின்றது.

"அக்கா, தாலி கட்டறத மட்டும் காட்டுங்க. போன்ல அனுப்புனதுல மூஞ்சி கடுகாட்டத் தெரியுது. பெருசாப் பாத்துட்டுப் போயிர்றேன்" என்றார்.

வேறு வழியில்லாமல் ஓட்டினேன். டிவியில் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. பெண் வந்தாள், தாலி வந்தது, திரை மங்கியது. திரையில் தூசி இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, தனபால் உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். பாவாயம்மாதான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, தாலி கட்டறப்பப் போயி வெளக்கு மங்குதே. இது நல்லதுக்குங்களா?"

நான் டிம்பிரைட்டுக்குப் போன் போட்டேன். கரண்ட் இல்லாததால் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தவர், மொபெட்டில் மூன்றே நிமிடத்தில் வந்துவிட்டார். வந்தவர் எட்டிப் பார்க்க, அவர் கண் முன்னாலேயே திரை மங்கியது.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எந்த மாப்பிள்ளை முகத்திலும் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். இரண்டு கையையும் கூப்பினார். "வந்துட்டியா சாமி" என்றார் லேப்டாப்பைப் பார்த்து. "மூணு வாரமா எனக்குத் தண்ணி காட்டுன. இன்னைக்குச் சிக்குன."

பிறகு யாரையும் எதையும் தொடவிடவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ஒரே மதியத்தில் ஏழு தடவை தாலி ஏறியது. பேட்டரி முப்பது சதவீதத்திலிருந்து இருபதுக்கு வந்தது. தெருமுனையில் டிரைவர் மணி ஹாரன் அடித்தார். ஏழாவது தடவையில் டிம்பிரைட் "நிறுத்துங்க" என்றார். பெண்ணின் மாமன் ஒருவர் வெள்ளை வேட்டியில் குறுக்கே நடக்கும் இடம். "பாருங்க, வெள்ளை வேட்டி வந்தா பிரைட் அடிக்குது. அவரு போனா டிம் அடிக்குது. படம் சரியாத்தான் இருக்குதுங்க. இந்தப் பொட்டிதான் வெளையாடுது. இருட்டுப் படமுன்னா எதுக்கு வெளிச்சமுன்னு அமத்திப்போடுது."

"எதுக்குங்க அமத்தோணும்?" என்றார் பாவாயம்மா.

"கஞ்சத்தனமுங்க. பேட்டரிய மிச்சம் புடிக்குது." சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் பாதி திறந்தபடி இருந்தது. "பேட்டரி" என்றார் மறுபடி, தனக்குத்தானே.

அதற்குள் பேட்டரி பதினொன்று. டிரைவர் மணிக்குப் பொறுமை போய், தனபாலைக் கூப்பிட தானே நேரில் வந்துவிட்டார். டிம்பிரைட் அவரைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார். "வண்டில செல்லு சார்ஜ் போட இன்வெர்ட்டரு வெச்சிருக்கீங்களா?"

இருந்தது. லேப்டாப்பையும் சார்ஜரையும் அள்ளிக்கொண்டு ஓடினோம். பாவாயம்மாவைக் கேபினுக்குள் ஏற்றத் தனபால் மேலிருந்து இழுக்க, டிம்பிரைட் கீழிருந்து வழி சொன்னார். நான் முதலில் சொன்ன அந்த ஐந்து பேரும் உள்ளே அடைந்தோம். மணி இன்ஜினை முறுக்கினார். சீட்டெல்லாம் நடுங்கியது. எனக்கு எந்த நேரமும் எதுவும் வெடிக்கும் என்று தோன்றியது. டிம்பிரைட் சார்ஜரைச் சொருகினார்.

பிரைட்.

பிடுங்கினார். டிம். சொருகினார். பிரைட். பிடுங்கினார், சொருகினார். நாங்கள் ஐந்து பேரும் கோவிலில் தீபாராதனை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் மெல்லத் திரும்பினார்.

"அம்மணி, ஊட்டுல படம் ஓட்டறப்ப இந்த ஒயரு மாட்டியிருக்குமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜர் சூடானாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கேயோ ஒரு வீட்டில் சார்ஜர் வெடித்ததாகப் போனில் வந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து, வேலை செய்ய உட்கார்ந்தால் முதலில் அதைக் கழற்றி, ஒரு தட்டில் வைத்து, சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவேன். டிம்பிரைட் வீட்டுக்கு வந்து சொருகிவிட்டுப் போனாலும், அவர் தெருமுனை தாண்டுவதற்குள் பிடுங்கித் தட்டில் வைத்துவிடுவேன்.

"தட்டுலயா?" என்றார் டிரைவர் மணி. "அதுக்குச் சோறும் போட்டீங்களா அக்கா?"

கேபினே குலுங்கியது. இன்ஜினாலா சிரிப்பாலா தெரியவில்லை. டிம்பிரைட் மட்டும் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரின் செட்டிங்ஸுக்குள் போய், ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் என்று தேடினார். பேட்டரியில் ஓடும்போது திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பவரை மிச்சம் பிடி என்று ஓரிடத்தில் டிக் இருந்தது. அதை எடுத்துவிட்டார். "இப்ப ரோடு டெஸ்ட்டு" என்று சார்ஜரைப் பிடுங்கினார். பேட்டரியிலேயே ஓடட்டும் என்றார். பேட்டரி ஒன்பது.

எட்டாவது முறையாகத் தாலி.

மங்கவில்லை. பெண்ணின் நெற்றிச்சுட்டி, கன்னத்தில் ஒட்டியிருந்த மஞ்சள், நடுங்குகிற கைவிரல் எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். அப்போது அந்தப் பெண் தலையைத் தூக்கி, கூட்டத்துக்கு மேலே மண்டபத்து வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். யாரையோ தேடினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாள் மிக்ஸிங் செய்த எனக்கே அது தெரியாது. என் திரையில் அந்த இடம் இருட்டுக்குள் இருந்தது; டிம்பிரைட் ஓட்டியபோதெல்லாம் வெளிச்சத்தைத்தான் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. இருட்டாக இருக்கிறதே என்று அதை வெட்டி எறிய இருந்தேன்.

"யாரப் பாக்கறா?" என்றார் தனபால்.

பாவாயம்மா மகனின் தோளில் கை வைத்தார். "கடைசி வரைக்கும் நீ வந்துருவீன்னுதான் சொல்லிட்டிருந்தா சாமி."

தனபால் திரையைத் துடைக்கவில்லை. தன் கண்ணையும் துடைக்கவில்லை. படம் ஓடி அட்சதை விழுந்து முடிகிறவரை பார்த்தார். "போலாம் மணி" என்றார்.

நாங்கள் மூவரும் இறங்கினோம். டிம்பிரைட் தன் டூல்ஸ் டப்பாவிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, லேப்டாப்பை ஒரு சுற்றுச் சுற்றி, லாரியின் முன் சக்கரத்துக்குக் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் அவருடைய பழத்துக்கு ஒரு சக்கரம் கிடைத்தது. லாரி அதன்மேல் ஏறிப் போனது. பட்டப்பகல் ஒரு மணிக்கு டிரைவர் மணி ஹெட்லைட்டை ஒருமுறை டிம் அடித்து, பிரைட் அடித்துவிட்டுப் போனார். டிம்பிரைட் பதிலுக்குக் கையைத் தூக்கினார்.

கண்ணால் பார்த்துச் சரிசெய்த பழுதுக்கு அவர் கூலி நூற்றைம்பது. எடுத்து நீட்டினேன். "இருக்கட்டும் அம்மணி, ரோடு டெஸ்ட் இன்னும் முடியல" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் கரண்ட் எடுக்கிற நாளில் தவறாமல் வருகிறார். பேட்டரியில் அந்தத் தாலியை ஓட்டச் சொல்வார். பெண் வாசலைப் பார்க்கும் இடம் வரை பார்ப்பார். "பிரைட்டுங்க" என்பார். டீயைக் குடித்து அதை மட்டும் டிம் என்பார். போய்விடுவார். பணத்தைப் பற்றி அவர் பேச்சே எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. கொடுத்துத் தீர்த்துவிட்டால் அடுத்த மாதம் வராமல் இருந்துவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம். டீயில் தூளை மட்டும் கூடப் போட்டு வைக்கிறேன். பாக்கி அப்படியே நிற்கிறது, நூற்றைம்பது ரூபாய்.