துருவத்தின் பின்பக்கம்

இருட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் ஒரு பெருமூச்சு. அப்புறம், பல்வலி வந்த யானை போர்வைக்குள் முனகுவது போல நீளமாக ஒரு 'ம்ம்ம்ம்'. அது நேராகச் சமையலறை ஜன்னலுக்குக் கீழேயிருந்து வந்தது. பாப்பாம்மா ஒரு கையால் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு, கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபங்களின் முதல் வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் இரண்டாவது வரி ஞாபகம் வரவில்லை. பேய்க்கு அது தெரியவா போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு கணவரை உலுக்கினாள்.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. பாப்பா பிறந்ததிலிருந்து அதை யாரும் உபயோகிக்கவில்லை, அவ்வளவுதான்.

"பேயா? நல்லாக் கேளு. அது நம்ம மெஷின். சாயங்காலம்தான் மாட்டினோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கணவர் மறுபடி தூங்கிப் போனார். எதிரே இருக்கும் அரசாங்கக் கூட்ட மண்டபத்தில் குளிர்சாதன மெஷின்களை ஓட்டுகிறவர் அவர். மண்டபத்தின் பின்சுவருக்கும் ஊழியர் குடியிருப்பின் ஜன்னல்களுக்கும் நடுவே ஒரு ஆள் குடை விரித்துப் போகலாம், அவ்வளவுதான் இடம். அந்தச் சந்துப் பக்கம் பார்த்தபடி ஆறு பெரிய மெஷின்கள் உட்கார்ந்துகொண்டு, உள்ளேயிருந்து உறிஞ்சிய சூட்டையெல்லாம் பாப்பாம்மாவின் வீட்டுக்குள் ஊதிக்கொண்டிருந்தன.

பேயாக இருந்திருந்தால் விடிந்ததும் போயிருக்கும். இது போகவில்லை. காலையில் சமையலறைச் சுவரில் கை வைத்தால் சுட்டது. குழாயைத் திறந்தால் டீ போடும் பதத்தில் தண்ணீர் வந்தது. பாப்பாவின் கழுத்து, முதுகு, தொடை எங்கும் வேர்க்குரு. இரண்டு நிமிஷம் தூங்கும், வீல் என்று அலறும், மறுபடி இரண்டு நிமிஷம் தூங்கும். பாப்பாம்மாவுக்கு உலகத்தில் வேறு எந்த ஆசையும் இல்லை. பாப்பா ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வேண்டும்.

இத்தனைக்கும் காரணம், 'துருவ ஆராய்ச்சி மற்றும் பருவநிலை குறித்த வரவிருக்கும் அறிவியல் கூட்டங்கள்'. பங்கேற்பாளர்கள் துருவத்தை ஏட்டளவில் அன்றி உடலளவில் உணர்ந்து விவாதிக்கும் பொருட்டு, மண்டபத்தின் வெப்பநிலை துருவத்துக்கு இணையாகப் பராமரிக்கப்படும் என்று மேலிடத்திலிருந்து ஆணை வந்திருந்தது. பூமி ஏன் சூடாகிறது என்பதைக் குளிரில் உட்கார்ந்து யோசித்தால்தான் பிடிபடும் என்பது அதிகாரிகளின் துணிபு. மேடையில் தெர்மாகோலில் செய்த ஒரு வெள்ளைக் கரடியும் ஒரு பென்குயினும் கைகோத்து நின்றன. அவை இரண்டும் ஆளுக்கொரு துருவத்தில் வசிப்பவை என்று யாரோ எடுத்துச் சொன்னபோது, ஒற்றுமையை வலியுறுத்தும் பொருட்டு அப்படி நிறுத்தப்பட்டிருப்பதாக விளக்கம் தரப்பட்டது.

இதனால் ஊரில் நாகரிகமே மாறிவிட்டது. மண்டபத்துக்குள் போகிறவர்கள் கம்பளிக் கோட்டு போட்டார்கள். போக முடியாதவர்களும் கோட்டு வாங்கினார்கள். கழற்றினால் உள்ளே அனுமதி இல்லாத ஆள் என்று தெரிந்துவிடுமே என்று கொளுத்துகிற வெயிலில் கோட்டோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். தும்மல் ஒரு பதவி ஆயிற்று. மேலதிகாரி தும்முவதற்கு முன்னால் கீழே உள்ளவர் தும்மிவிட்டால் அது ஒழுங்கீனம்.

பாப்பாம்மா பயந்த சுபாவம். பல்லி விழுந்தால் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறவள். ஆனாலும் மூன்றாவது நாள் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, கணவர் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் கேளாமல், மனு கொடுக்கும் நேரத்தில், கூட்டங்களுக்குப் பொறுப்பான துணை இயக்குநரைப் பார்க்கப் போனாள். அவர் மேடைக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டு, மூக்கு மட்டும் தெரிய மஃப்ளருக்குள் இருந்தார். சிஸ்டர்கள் பழக்கியபடி அவள் நேராக நின்று, மன்னிக்கணும் என்று ஆரம்பித்து, விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க மெஷின் சூட்டையெல்லாம் எங்க வீட்டுக்குள்ள தள்ளுது சார்."

"சூடுன்னு சொல்லாதீங்கம்மா. தாக்கம்னு சொல்லுங்க. பருவநிலைத் தாக்கம்."

"பாப்பா தூங்கவே மாட்டேங்குது சார்."

"அதைத்தானே விவாதிக்கப் போறோம். நாலாவது அமர்வு, பாதிக்கப்பட்ட மக்கள். இப்பவே மெஷினை நிறுத்திட்டா நீங்க பாதிக்கப்பட மாட்டீங்க. அப்புறம் நாலாவது அமர்வுல அவங்க எதைப் பேசுவாங்க, சொல்லுங்க."

அவள் கூட்டம் என்றைக்கு என்று கேட்டாள். வரவிருக்கிறது என்றார். எப்போது வரும் என்று கேட்டாள். வரவிருக்கும்போது வரும் என்றார். அதுவரைக்கும் அணைத்து வைக்கலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அவர் மூக்கே அதிர்ந்தது. "துருவத்தையா? உலகத்துல எங்கேயாவது துருவத்தை அணைச்சு வெச்சிருக்காங்களாம்மா?"

பெரியவர்களோடு வாதாடக் கூடாது என்பது கான்வென்ட்டில் படித்த பாடம். அவள் திரும்பினாள். கதவைத் திறந்து வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். முதுகுக்குப் பின்னாலிருந்து குளிர் வந்து பாப்பாவைத் தடவியது. தோளில் இருந்த தலை மெல்லச் சாய்ந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அந்தக் கண்கள் தாமாகவே மூடின.

"கதவைச் சாத்துங்கம்மா" என்றார் துணை இயக்குநர். "திறந்து வெச்சா துருவம் போயிடும்."

கூட்டம் ஏன் வரவே மாட்டேன் என்கிறது என்பதை அன்று சாப்பிடும்போது கணவர் விளக்கினார். துணை இயக்குநர் 'வரவிருக்கும் கூட்டங்கள்' பிரிவைச் சேர்ந்தவர். ஒரு கூட்டம் நடந்துவிட்டால் அந்த நிமிஷமே அது எதிர் அறையிலுள்ள 'நடந்து முடிந்த கூட்டங்கள்' பிரிவுக்குப் போய்விடும். அந்த அறைக்காரருக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கூட்டம் போனால் மேஜை போகும், மேஜை போனால் மஃப்ளர் போகும். ஆகவே கூட்டம் ஏற்கனவே பல தடவை, மேலும் சிறப்பாக நடத்தும் பொருட்டு, தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

தள்ளி வைத்ததை விஞ்ஞானிகளுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. முதலில் ஒரு தாடிக்காரர் வந்து சேர்ந்தார். தென்துருவத்தில் பல வருஷம் பனியைத் தோண்டியவர். அவரை மண்டபத்தில் உட்காரவைத்து, கழுத்தில் 'விஞ்ஞானி' என்று ஒரு பேட்ஜ் மாட்டினார்கள். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது பின்னர் அறிவிக்கப்படும்.

சற்று நேரத்தில் பாப்பாம்மா ஜன்னல் வழியே பார்த்தால், சந்துக்குள் மெஷினுக்கு முன்னால் யாரோ ஒரு ஆசாமி கண்ணை மூடிக்கொண்டு, ஈரச் சிறகை உலர்த்தும் நீர்க்காகம் மாதிரி இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். உதடு நீலம். அவள் பயந்துபோய் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"பயப்படாதீங்கம்மா, நான் விஞ்ஞானி. கொஞ்ச நேரம் குளிர் காய்ஞ்சிட்டுப் போயிடறேன்."

"துருவத்துல இருந்தவருக்கே குளிருதா?"

"அங்க கூடாரத்துல அடுப்பு இருக்கும்மா. துணை இயக்குநர் இருக்க மாட்டார்."

பாவம் என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அந்தச் சமையலறையின் சூட்டில் அவருக்கு உயிர் வந்தது. இதைவிடச் சுகமான இடத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். பாப்பா அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு அலறியது. விஷயத்தைக் கேட்டார். யோசித்தார். பேட்ஜைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"நான் இங்க இருக்கேன். நீங்க பாப்பாவோட அங்க போய் உட்காருங்க."

அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாப்பாவோடு போனாள். வாசலில் காவலாளி அண்ணன் தினமும் அவளைப் பார்க்கிறவர்தான். ஆனால் பேட்ஜைப் பார்ப்பது மட்டுமே அவருடைய வேலை. முகம் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. எழுந்து சல்யூட் அடித்தார். பாப்பாம்மா கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்து, போர்வையைப் போர்த்தி பாப்பாவை மடியில் போட்டாள். பாப்பா தூங்கியது. ஒரு மணி நேரம் இல்லை, மத்தியானம் முழுக்கத் தூங்கியது. அவளும் தூங்கினாள்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு விஞ்ஞானியும் பல் கிட்டித்துப் பின்பக்கம் ஓடிவந்தார். ஒவ்வொரு வீடும் ஒருவரை ஏற்றுக்கொண்டு ஒரு பேட்ஜை வாங்கிக்கொண்டது. தோட்டக்காரர் மனைவி 'பனிப்பாறை நிபுணர்' ஆனாள். அவளுடைய மாமியார் 'கடல் மட்டம்'. வாரக் கடைசிக்குள் குடியிருப்பில் எல்லாரும் விஞ்ஞானிகள், மண்டபத்தில் எல்லாரும் குடித்தனக்காரர்கள்.

துணை இயக்குநருக்கு முதலில் ஒரே மகிழ்ச்சி. மண்டபம் நிறைந்திருந்தது. அத்தனை பேரும் கண்ணை மூடி, அசையாமல், ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார்கள். இப்படி ஒழுங்கான விஞ்ஞானிகளை அவர் பார்த்ததே இல்லை. திடீரென்று மஃப்ளரைத் தளர்த்தித் தலைகளை எண்ணிப் பார்த்தார். எல்லாரும் வந்துவிட்டால் கூட்டம் நடப்பதாக ஆகிவிடுமே. உடனே மைக்கைப் பிடித்து, தற்போது நடைபெறுவது கூட்டம் அல்ல, வரவிருக்கும் கூட்டத்தின் ஒத்திகை, அது காலவரையின்றித் தொடரும் என்று அறிவித்தார். எல்லாரும் தூக்கத்திலேயே கை தட்டினார்கள்.

இத்தனை உடம்புகள் மூச்சு விட்டால் துருவம் தாங்குமா? மண்டபம் கொஞ்சம் வெதுவெதுப்பானது. இன்னும் மெஷின் போடச் சொல்லி உத்தரவு வந்தது. பின்சுவரில் இடமில்லை, பக்கச் சுவரில் மாட்டினார்கள்.

"அந்தப் பக்கம் ஒரு தெரு இருக்கே. வீடுங்க இருக்கே" என்றாள் பாப்பாம்மா.

"இருக்கு" என்றார் கணவர்.

"அவங்களுக்கு?"

"தாக்கம்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். மடியில் பாப்பாவின் கழுத்து பளிங்கு மாதிரி இருந்தது. வேர்க்குரு இருந்த தடமே இல்லை. ரொம்ப யோசித்தால் மடி ஆடும், பாப்பா விழித்துக்கொள்ளும். யோசிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

பின்பக்கத்தில் வேறு ஒன்று நடந்தது. விஞ்ஞானிகளுக்குச் சூட்டில் மூளை இளகிவிட்டது. பனியனோடு சந்தில் வட்டமாக உட்கார்ந்து நிஜமாகவே பேச ஆரம்பித்தார்கள். சூடு ஏறுகிறது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, கை சுட்டு, ஏகமனதாக முடிவுக்கு வந்தார்கள். ஒரு மத்தியானம் தாடிக்காரர் அதைச் சொல்ல மண்டபத்தின் முன்வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு சின்னப் பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றாள். குழந்தையின் கழுத்தெல்லாம் சிவப்பு.

கதவோரமாக இருந்தவள் பாப்பாம்மா. ஆகவே பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைக் கொஞ்சமாகத் திறந்தவளும் அவள்தான்.

"கண்டுபிடிச்சிட்டோம்மா" என்றார் தாடிக்காரர். "சூடு இந்த ஹால்ல இருந்துதான் வருது. மெஷினை நிறுத்தினாப் போதும்."

உள்ளே எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். கரடியின் காலடியில் துணை இயக்குநர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். கணவர் சுவிட்சுப் பக்கத்தில் நின்றபடி அவள் முகத்தைப் பார்த்தார். தோட்டக்காரர் மனைவி பேட்ஜை நேராக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமினாள். "இதுல இன்னும் ஆராய்ச்சி தேவை" என்றாள். மாமியார் ஆமோதித்தாள். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

அந்தச் சின்னப் பெண் ஓரடி முன்னால் வந்தாள். "அக்கா, நான் வேண்டாம். குழந்தையை மட்டும் கொஞ்ச நேரம். தூங்கவே மாட்டேங்குது."

இடைவெளி வழியே வெயில் காற்று உள்ளே வந்து பாப்பாவின் கன்னத்தில் பட்டது. பாப்பா முகத்தைச் சுளித்தது. வாய் கோணியது.

பாப்பாம்மா நேராக நின்றாள். சிஸ்டர்கள் பழக்கிய அதே மரியாதையான குரலில், மன்னிக்கணும் என்று ஆரம்பித்தாள்.

"நாலாவது அமர்வுல உங்களைக் கட்டாயம் கூப்பிடுவாங்க. இப்பக் கொஞ்சம் நகருங்க. கதவைத் திறந்து வெச்சா துருவம் போயிடும்."

சொல்லிவிட்டுச் சாத்தினாள். இத்தனை நாள் யாரும் தொடாமல் இறுகிக் கிடந்த தாழ்ப்பாளை ஒரு கையால் பிடித்து, பாப்பா விழித்துக்கொள்ளாதபடி மெதுவாக, உள்ளேயிருந்து போட்டாள்.