கரையைக் கடந்த நிச்சயதார்த்தம்

வானிலை அறிக்கையைக் கேட்பவர்களைவிட அதற்கு விளக்கவுரை சொல்பவர்கள்தான் நம் வீடுகளில் அதிகம். எங்கள் வீட்டில் அந்தப் பதவி என்னிடம் இருந்தது. நான் எம்.ஏ. தமிழ் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. (அதுவும் அஞ்சல் வழியில்.)

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, வாசலில் நின்றாலே கல்வராயன் மலை தெரிகிற ஊர் எங்களுடையது. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை கடலூர்க்காரர். கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்தது. அதை விட்டால் மார்கழி. தை பிறக்கும்வரை யாரும் தட்டு மாற்ற மாட்டார்கள். இடையில் எனக்கு ஒரு பயம். மாப்பிள்ளைக்கு நெய்வேலியிலும் ஒரு ஜாதகம் பொருந்தியிருந்தது. ஒரு மாதம் தள்ளிப்போனால் அவருடைய அம்மாவின் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால்? பெண் பார்க்க வந்த அன்றே அவரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா வங்கக் கடலில் புயல் கிளம்ப வேண்டும்? அப்பா பந்தலைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

"தள்ளி வச்சிக்கலாம்மா. காத்து ஜாஸ்தியா அடிக்குமாம். ஊரக் கூட்டி வச்சிக்கினு, யார் தலையிலயாவது தகரம் வுழுந்தா இன்னா பண்றது?"

நான் டிவியை விட்டு நகரவில்லை. மறுநாள், அதாவது நிச்சயதார்த்தத்தன்று விடிந்ததும், நான் காத்திருந்த வரி திரையின் அடியில் ஓடியது: புயல் கரையைக் கடந்தது.

"அப்பா, கடந்துடுச்சுப்பா!"

"அப்டின்னா?"

"கடந்ததுன்னா இறந்தகாலம்ப்பா. முடிஞ்சி போச்சு."

(இலக்கணப்படி நான் சொன்னது சரி. புயல் கடலை விட்டு நிலத்தில் கால் வைத்திருக்கிறது, இனி நம் பக்கம்தான் வரப்போகிறது என்று அர்த்தம் என்பதை எனக்கு எந்த இலக்கண நூலும் சொல்லித் தரவில்லை.)

அப்பா அப்போதும் வானத்தைப் பார்த்தார். "அப்படியே வந்தாலும் மலை தடுத்துடும்ப்பா" என்றேன். மலை எங்களுக்கு மேற்கே இருக்கிறது, புயல் கிழக்கேயிருந்து வருகிறது. அதாவது மலை தடுக்க வேண்டுமானால் புயல் முதலில் எங்களைத் தாண்டியாக வேண்டும். படித்த பெண் சொல்கிறாளே என்று அப்பாவும் பந்தலை மறுபடி போடச் சொன்னார்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன். "இங்க காத்து வுட்டுடுச்சு, லேசா வெயிலு கூட வருது. அங்க எப்டிம்மா கீது?"

"இங்க ஒரு இலை கூட ஆடல அத்த. தைரியமா கெளம்பி வாங்க."

கிளம்பினார்கள். புயலும் அதே பாதையில்தான், இவர்களுக்குச் சற்று முன்னால் வந்துகொண்டிருந்தது. உளுந்தூர்பேட்டையில் இவர்கள் டிபன் சாப்பிட இறங்கிய நேரத்தில் அது இன்னும் முன்னே போயிருக்க வேண்டும். வேன் எங்கள் வாசலில் நின்றபோது ஷாமியானா ஏற்கெனவே உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.

அத்தை தட்டோடு இறங்கி ஒரு அடி வைத்தார். ஷாமியானா கம்புகளோடு எழும்பி, எங்கள் தலைக்கு மேலாகப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாட்டுக் கொட்டகைத் தகரம் ஒன்று அதன் பின்னாலேயே போனது. தட்டிலிருந்த ஆப்பிள்கள் தெருவில் உருண்டன. கூரை ஓடுகள் ஒவ்வொன்றாகச் சரிய ஆரம்பித்தன.

"ஓட்டு வூட்டுக்குள்ள போவாதீங்க! மரத்துக்குக் கீழ நிக்காதீங்க! எல்லாரும் உர ரூமுக்கு வாங்க!" என்று அப்பா கத்தினார். மெயினை அணைத்துவிட்டு, மாடுகளையும் அவிழ்த்து விட்டுவிட்டு, கடைசி ஆளாக உள்ளே வந்தார். அப்பாவுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

எங்களிடம் கான்கிரீட் தளம் போட்ட இடம் அந்த உர அறை ஒன்றுதான். யூரியா மூட்டைகளுக்கும் பிண்ணாக்கு மூட்டைகளுக்கும் நடுவில் இரண்டு குடும்பமும் நெருக்கியடித்து நின்றோம். அத்தை மட்டும் பட்டுப்புடவையோடு ஒரு யூரியா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். வெளியே புளியமரக் கிளை ஒன்று முறிந்து, பந்தலில் போட்டிருந்த நாற்காலிகள்மேல் விழுந்தது. நாங்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலிகள் அவை.

மாப்பிள்ளையின் பெரியப்பா மெதுவாக ஆரம்பித்தார். "தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே பந்தல் பறக்குது. சகுனம் சரியில்லியே."

நெய்வேலி ஜாதகம் என் கண்முன்னே வந்து நின்றது. அழுதுவிட்டேன். "நான்தாங்க வரச் சொன்னேன். கடந்துச்சுன்னா முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சிட்டேன்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "எம்.ஏ. படிச்சிருக்குதுன்னாங்களே. இன்னா சப்ஜெக்ட்டும்மா?"

"தமிழுங்க அத்த."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிண்ணாக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து சிரித்தார், அடக்கவே முடியவில்லை அவருக்கு. அப்புறம் அத்தையும் சிரித்துவிட்டு, பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"சகுனமாவது ஒண்ணாவது! ஒருத்தருக்காவது ஒரு கீறல் பட்டுச்சா? இதுக்கு மேல இன்னா நல்ல சகுனம் வேணும்? சீக்கிரம் தட்ட மாத்துங்க, எனக்குக் காலு மரத்துப் போவுது."

நகர இடமில்லாததால் தட்டு எல்லோருடைய தலைக்கு மேலாகவும் கைமாறிப் போனது. அதில் ஒரு ஆப்பிள்கூட இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

இப்போது நான் இருப்பது கடலூரில். புயல் காலத்தில் செய்திக்கு விளக்கம் சொல்ல எனக்கு வீட்டில் அனுமதி இல்லை. காற்று இங்கே அடங்கியதும் அத்தையே என் அப்பாவுக்குப் போன் போட்டுவிடுகிறார்.

"சம்பந்தி, இங்கேர்ந்து கெளம்பிடுச்சுங்க. இந்தத் தடவ பொண்ணு கேட்டு வரல. கதவ சாத்திக்குங்க."