பீகாருக்கு ஒரு ட்ரையல்

பெங்களூரில் நான் பார்த்த மனிதர்களிலேயே, பிறந்ததைத் தவிர மற்றெல்லாவற்றையும் ஒரு தடவை ட்ரையல் பார்த்துவிட்டுச் செய்தவர் ஒருவர்தான். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருந்தார். போர்டில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. யார் படித்தார்கள்? ஊருக்கெல்லாம் அவர் ட்ரையல் மாஸ்டர்.

சாதாரணச் சட்டைக்கே மூன்று ட்ரையல் பார்ப்பார். கோட்டு என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் தெரு மாப்பிள்ளை ஒருவன் ட்ரையலுக்குப் போட்ட கோட்டோடேயே கல்யாணத்துக்கு ஓடினான். மாதா கோயில் மணி அடித்துவிட்டது, மாஸ்டருக்கோ கழுத்துப்பட்டையில் இன்னும் திருப்தி வரவில்லை, அவன் என்ன செய்வான்? ஒரு கையில் வெள்ளை நூல் பல்லிளித்தது, மறு கை குண்டூசி தயவில் நின்றது. "இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளுகிறாயா?" என்று சாமியார் கேட்ட நேரம் பார்த்து ஊசி குத்த, மாப்பிள்ளை "ஐயோ!" என்று அலறினான். பெண் வீட்டார் அந்த அலறலைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மீசையை எடுக்கலாமா என்று ஒரு தடவை மாஸ்டருக்கு யோசனை வந்தது. சலூனில் உட்கார்ந்து பாதி மீசையை மட்டும் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் முழுக்கக் கடைவீதியில் இப்படி ஒரு பக்கமும் அப்படி ஒரு பக்கமும் காட்டி அபிப்பிராயம் கேட்டார். சவப்பெட்டி செய்கிறவர் கடையில் படுத்துப் பார்த்து, "தோள்கிட்ட கொஞ்சம் டைட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்ததாகவும் பேச்சு உண்டு. அதை நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் என் படிப்பு மாட்டியது.

அறுபதுகளின் ஆரம்பம். பி.யு.சி. முடித்திருந்தேன். இன்ஜினியராக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது. மைசூர் ராஜ்யத்துக் காலேஜில் சீட்டு கொஞ்சத்தில் தவறிவிட்டது. அப்பா எங்கெங்கோ விண்ணப்பம் போட்டதில், பீகாரில் ஒரு சர்க்கார் பல்கலைக்கழகம் மட்டும் 'வா' என்றது. இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததைவிட அப்பாவும் அம்மாவும் எரிந்ததுதான் அதிகம்.

"சர்க்கார் யுனிவர்சிட்டி. பீஸு கம்மி. டிகிரியோட வந்தான்னா இங்க எந்த ஃபாக்டரியிலயும் எடுத்துக்குவான்" என்பார் அப்பா.

"பீகார் எங்க இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"மேப்புல இருக்கு."

"மேப்புல சோறு போடுவாங்களா? பேசாம இங்கயே பி.எஸ்சி. படிக்கட்டும். என் புள்ளய மூணு நாள் ரயில்ல அனுப்பிட்டு என்னால இருக்க முடியாது."

அம்மா சம்மதிக்காமல் எங்கள் வீட்டில் எலிகூட வெளியூர் போகாது. அப்பாவுக்கு ஒரு தந்திரம் தோன்றியது. கம்பளிக் கோட்டைத் தைத்துக் கண்முன்னால் மாட்டிவிட்டால் அம்மா மனசு மாறும் என்று என்னை எதிர்க்கடைக்கு இழுத்துப் போனார். விஷயத்தைக் கேட்ட மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கோட்டு கெடக்கட்டும் சார். பையனுக்கு ட்ரையல் பாத்தீங்களா?"

"அவனுக்கு இன்னாத்துக்கு ட்ரையல்?"

"வெட்டறதுக்கு முன்னாடியே பாக்கணும் சார், வெட்டிட்டா பேஜாரு. ஒரு வாரம் நம்ம கடையில வுடுங்க. இதான் பீகாரு. ஒங்க வூடு பெங்களூரு. நடுவுல இருக்கறது ரோடு இல்ல, மூணு நாள் ரயிலு. தாக்குப் புடிச்சான்னா அனுப்புங்க, ஓடியாந்துட்டான்னா பி.எஸ்சி."

அம்மா ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டாள். இரண்டாம் நாளே நான் வந்து கதவைத் தட்டுவேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தெருவைத் தாண்டிப் போய்விடலாம் என்று பெட்டியைத் தூக்கினேன். மாஸ்டர் விடவில்லை. பீகாருக்கு நடந்தா போவார்கள்? ட்ரங்க் பெட்டி, படுக்கைச் சுருளோடு ஜட்காவில் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு, வேறொரு ஜட்கா பிடித்துக் கடை வாசலில் வந்து இறங்கினேன். கேட்டருகே நின்ற அம்மா சிரித்த சிரிப்பில் தெருவே வேடிக்கை பார்த்தது.

கடைக்குப் பின்னால் இருந்த அறைதான் ஹாஸ்டல். கட்டைப் பிரம்மச்சாரியான மாஸ்டரே வார்டன், அவரே சமையற்காரர். பீகாரில் எல்லாம் கடுகு எண்ணெய் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கரடி மனை என்று எங்கள் ஊரில் சொல்லும் குஸ்திக் கூடத்தில் பயில்வான்கள் உடம்பில் தேய்த்துக்கொள்ளும் எண்ணெயை வாங்கி வந்து உருளைக்கிழங்கு வதக்கினார் மனிதர். சாப்பிட்ட எனக்குச் சுளுக்குதான் விட்டது, பசி போகவில்லை. இந்தியில்தான் பேச வேண்டும் என்று சட்டம். அவருக்குத் தெரிந்த இந்தியோ சிவாஜிநகர் மார்க்கெட்டில் பேசும் தக்கினி உருது. அதை நம்பிப் பின்னால் நான் பீகார் ஹாஸ்டலில் வேண்டாம் என்பதற்கு "நக்கோ, நக்கோ" என்று சொல்லப் போய், மெஸ்ஸே சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தது தனிக்கதை.

இரண்டு நாள் ஆகியும் நான் கதவைத் தட்டவில்லை. அம்மாவின் சிரிப்பு நின்றது. ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து வஞ்சிரம் வறுத்தாள். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் முதல் தினம் ஒரு ஜாக்கெட்டோடு கடைக்கு வர ஆரம்பித்தாள்.

"மாஸ்டர், இது கைகிட்ட டைட்டா இருக்கு." கண் மட்டும் உள்ளறைப் பக்கம். "அவன் சாப்பிட்டானா?"

"ஜாக்கெட்டப் பத்திப் பேசுங்கம்மா. பீகாருக்கெல்லாம் யாரும் ஜாக்கெட்டு எடுத்துனு போக மாட்டாங்க. சாப்பிட்டானான்னு தெரியணும்னா கடுதாசி போடுங்க."

போட்டாள்! மூலைத் தபால் பெட்டியில் விழுந்து, ஊரைச் சுற்றி, மறுநாள் தபால்காரர் கையில் எங்கள் வாசலைத் தாண்டி எதிர்க்கடைக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடிதம். "எதிர்வூட்டுலேந்து வந்திருக்கு, ஜாக்கிரதையா பிரிச்சுப் படி" என்று கொடுத்துவிட்டுப் போனார் அவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் எங்கள் கோயிலுக்குப் போக விடாமல் தொலைவில் வேறொரு கோயிலுக்கு என்னை அனுப்பினார் மாஸ்டர். அம்மா அன்றைக்குப் பூசை முழுக்கத் திரும்பித் திரும்பி வாசலையே பார்த்தாளாம்.

வாரம் முடியப் போகிற சமயம், ஒரு காலையில் எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. மாஸ்டர் நெற்றியில் கை வைத்தார். அவ்வளவுதான், அவர் முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தில் டேப்பு தொங்க, செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினார். திறந்து கிடந்த உள்ளறைக் கதவு வழியே, கடைவாசலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா! ட்ரையல் முடிஞ்சுது! ஜொரம் கொதிக்குது, வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போங்க!"

அம்மா விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். கேட்டின் கொண்டியில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போச்சு, பி.எஸ்சி.தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"டாக்டரக் கூப்பிட்டீங்களா மாஸ்டர்?"

"நீங்க வாங்கம்மா மொதல்ல!"

"நான் எப்படி வர்றது? நீங்கதானே சொன்னீங்க, நடுவுல மூணு நாள் ரயிலுன்னு." கொண்டியை விடாமல் பிடித்துக்கொண்டாள் அம்மா. "அங்க போயி ஜொரம் வந்தா நான் போயி நிக்க முடியுமா?"

"ஐயோ, இது பீகாரு இல்லம்மா! காக்ஸ் டவுனு!"

"டாக்டரக் கூட்டிட்டு வாங்க. கஞ்சியில உப்பு கம்மியா போடுங்க. அவனுக்கு அதான் புடிக்கும்."

கொண்டியைப் போட்டுவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கேட்டருகிலேயே நின்றாள் அம்மா.

அன்றைக்கு மாஸ்டர் பட்ட பாட்டை எந்தத் தாயும் பட்டிருக்க மாட்டாள். டாக்டரை அநேகமாகத் தூக்கிக்கொண்டே வந்தார். யாரோ ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரின் கோட்டுக்காக வைத்திருந்த லைனிங் துணியைக் கிழித்து நனைத்து என் நெற்றியில் போட்டார். கேட்க வந்த இன்ஸ்பெக்டரையே, "சத்தம் போடாதீங்க சார், புள்ள தூங்குது" என்று அதட்டி அனுப்பினார். இரண்டு தடவை கஞ்சியைத் தீய்த்து, மூன்றாவது தடவை ஒழுங்காக வைத்து, "குடிடா கண்ணு, கொஞ்சூண்டு குடிடா" என்று ஸ்பூனால் ஊட்டினார். அத்தனையும் தமிழில்.

சாயங்காலம் ஜுரம் இறங்கியது. மில் ஆபீஸிலிருந்து திரும்பிய அப்பாவைக் கேட்டிலேயே நிறுத்தினாள் அம்மா.

"தந்தி அடிச்சிடுங்க. வர்றான்னு."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன திடீர்னு?"

"காலையிலேந்து பாத்துட்டே இருக்கேன். ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல, அந்த மனுஷன் எப்படித் தாங்குறாரு. பீகார்லயும் இப்படி ஒருத்தர் இருக்க மாட்டாரா என்ன?"

இருந்தார்கள். ஒருவர் இல்லை, பலர். இன்ஜினியராகித்தான் திரும்பி வந்தேன்.

புறப்பட்ட அன்று நிஜமான கண்டோன்மென்ட் ஸ்டேஷன், நிஜமான ரயில். அம்மா அழவில்லை. அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மாஸ்டர்தான் பிளாட்பாரத் தூணைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. ரயில் நகர்ந்து, மூவரும் சிறுத்து மறைந்த பிறகு, ஜோலார்பேட்டைக்குப் போகிற ஓர் அம்மாள் எதிர் சீட்டிலிருந்து கேட்டாள்:

"பாவம், அப்படி அழுவுறாரே, ஒங்கப்பாவா தம்பி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.