முயல் மிச்சம் வைத்த செடி

விதை கொடுத்து வசவு வாங்கிய அன்புச் சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் பணிவோடு (நம்புங்கள், நிஜமாகவே பணிவோடு) எழுதுவது. இங்கே நான், அம்மா, முயல்கள் எல்லோரும் நலம். அப்பா நலமில்லை, கேட்டால் நலம் என்பார்.

நீங்கள் தந்த இனிப்பு லூபின், அதாவது கசக்காத ரகப் பயறு, பூத்தபோது, வானமே வயலில் கால் நீட்டிப் படுத்த மாதிரி ஒரே நீலம். அடுப்பில் பால் வைத்ததை மறந்து அம்மா வரப்பிலேயே நின்றார். பிறகு காய் பிடித்தது. அப்பா வேலிக் கதவைத் திறந்து, கைக்கு வந்த முதல் செடியில் ஒரு காயைப் பிய்த்து மென்றார். முகம் பிழிந்த துணியானது. உடனே உங்களுக்குப் போன். "இனிப்புன்னு சொல்லி கசப்பு விதையை என் தலையில கட்டிட்டியே, நீயெல்லாம் ஒரு தம்பியா?" அதற்கு நீங்கள், "கசப்பு விதையில இல்ல, உன் நாக்குல. என் அறுவடை மெஷின் இனி உன் வயல்ல கால் வைக்காது!" மெஷினுக்கு ஏது கால், சக்கரம்தானே என்று கேட்கப் போனேன், அம்மா வாயைப் பொத்திவிட்டார்.

நேத்து சாயங்காலம் வேலியோரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெயில் தேன் நிறத்துக்கு வந்ததும் முயல்கள் ஒண்ணொண்ணா வந்துச்சு, விருந்துக்கு வர்ற மாதிரி, அவசரமே இல்லாம. கதவுகிட்ட இருந்த லூபினையெல்லாம் மொட்டையடிச்சிருக்கு. ஒரு புதரை மட்டும் மோந்து பார்த்துட்டு, மூக்கைச் சுருக்கிட்டுத் தள்ளிப் போகுது. எது? அம்மா அழகுக்காகக் கதவோரம் நட்ட பூ லூபின்! பார்க்க அதே ஜாடை, ஆனா இலை, காய், விதை எல்லாம் படு கசப்பு. முயல் வேண்டாம்னு ஒதுக்கினதைத்தான் அப்பா மென்னிருக்கார். பரீட்சையில முயல் பாஸ், அப்பா பெயில்.

அப்பாகிட்ட சொன்னேன். வயலுக்குள்ளே போய் மென்னு பார்த்தார், கசப்பே இல்லை. "போன் பண்ணுங்கப்பா"ன்னா, "அவன் முதல்ல பண்ணட்டும்"கிறார். இன்னைக்கு மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிட்டு, தூக்கத்துல "தம்பி, இடப்பக்கம் திருப்பு, மெதுவா..."ன்னு மெஷின் ஓட்டறார். வெளியே காய்ஞ்ச காய் டப் டப்னு வெடிச்சு விதை தெறிக்குது. எனக்கு அது யாரோ கதவைத் தட்டற மாதிரியே கேக்குது. இன்னும் ரெண்டு நாள் விட்டா அறுக்க ஒண்ணும் இருக்காது. உங்க அண்ணன் கனவுல ஓட்டற மெஷினை நிஜத்துல ஒரு தடவை ஓட்டிட்டுப் போங்க சித்தப்பா.

சித்திக்கு என் அன்பு. உங்க மெஷினுக்கு என் எண்ணெய்.

இப்படிக்கு,
நீங்கள் 'வாலு' என்று கூப்பிடும்
அண்ணன் மகள்

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள வாசல்ல மெஷின் சத்தம். நீங்களேதான்! "கோபம் போகல, காய் வெடிக்குமேன்னு வந்தேன்"னு அப்பா முகத்தைப் பார்க்காம சொல்லிக்கிட்டே, வேலிக் கதவைத் திறந்து, கைக்கு வந்த முதல் செடியில ஒரு காயைப் பிச்சு மென்னீங்க. முகம் பிழிஞ்ச துணி. "அண்ணே, மன்னிச்சுடு. கசப்புதான். தப்பு என்னுது. மொத்தத்தையும் சும்மாவே அறுத்துத் தர்றேன்!" அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடிச்சிட்டு, "சரி விடுடா"ன்னு பெரிய மனசோட உங்க தோள்ல கை போட்டார். இப்போ ரெண்டு பேரும் மெஷின் மேல ஒட்டி உட்கார்ந்து, இடப்பக்கமாத் திரும்பிக்கிட்டிருக்கீங்க, மெதுவா. இந்தக் கடிதம் என் பையிலதான் இருக்கு. உங்க கைக்கு வந்துச்சுன்னா, நான் கேட்ட சைக்கிளை அப்பா வாங்கித் தரலைன்னு அர்த்தம்.