பாதியில் நின்ற அத்தான்சியோன்

ஒருவன் திடீரென்று தன் தெருவைச் சீர்திருத்தக் கிளம்பினால், அவனுக்கு எங்கோ பெண் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பொதுநலம் என்பதெல்லாம் பிறகு வருவது. எனக்கு அரியாங்குப்பத்தில் பார்த்திருந்தார்கள்.

அப்போது எங்கள் வீடு நெல்லித்தோப்பில் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவன். வரியில் இடம் போதாவிட்டால் சொல்லைப் பாதியில் உடைத்து, ஒரு சின்னக் கோடு போட்டு, மீதியை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவது என் தொழில். (இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையைக் கெடுத்தது இந்தப் பழக்கம்தான் என்று இன்றுவரை சாதித்து வருகிறேன்.)

பெண்ணின் பெயர் வசந்தா. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் அவள் தண்ணீர் ஊற்றியபோது பார்த்தேன். தாகமே இல்லாமல் குடித்துக் குடித்து வயிறு வீங்கிப்போனது. அவளுடைய அப்பா கோவிந்தசாமிக்கு நிலம், தென்னை, நாலு ஜோடி மாடு. ஜாதகம் பொருந்திவிட்டது. என் வேலையும் பரவாயில்லை என்றார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“வூடு எந்தத் தெரு?”

சொன்னோம். அவர் முகம் மாறியது.

“முட்டிபேந்தான் சந்தா?”

எங்கள் தெருவுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் அதைத் தபால்காரரே மறந்துவிட்டார். தெருவின் நடுவில் குறுக்காக ஒரு சாக்கடை வாய்க்கால் ஓடியது. அதன்மேல் போட்டிருந்த கல்பலகைகளில் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் யாரோ ஒரு பனங்கட்டையை வைத்திருந்தார்கள். கட்டை உருளும். உருளும்போது மேலே இருப்பவர் உள்ளே போவார். முட்டி பேர்ந்து வெளியே வருவார். பழைய ஆபீசில் போய்க் கேட்டால் பிரெஞ்சில் எழுதிக் கொடு என்றார்கள். புது ஆபீசில் இங்கிலீஷில் எழுதிக் கொடு என்றார்கள். நாங்களோ தமிழில்தான் விழுந்துகொண்டிருந்தோம்.

“பொண்ண பையனுக்குக் குடுக்குறது அப்பறம்யா. மொதல்ல தெருவுக்குக் குடுக்குறோம். அவ தண்ணிக்குப் போவணும், கோயிலுக்குப் போவணும், நாளைக்கு வவுத்துப் புள்ளையோட நடக்கணும். அடுத்த ஞாயித்துக்கெழம சாய்ந்தரம் வந்து பாக்குறேன். நடக்குற மாதிரி இருந்தா மேக்கொண்டு பேசுவோம்” என்று சொல்லிவிட்டார் கோவிந்தசாமி.

அடுத்த நாள் காலை குழாயடியில் தெருவைக் கூட்டினேன். ஒரு குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். சுதந்திரம் கிடைத்த பிறகும் சாக்கடையில் விழுவதா என்று கேட்டேன். நம் குழந்தைகள், நம் தாய்மார்கள், நம் முதியவர்கள் என்று வரிசையாக அடுக்கினேன். குரல் தழுதழுத்தது. எனக்கே கண்ணீர் வந்துவிட்டது.

“யாரு, அரியாங்குப்பத்துப் பொண்ணா?” என்றாள் அஞ்சலை.

அஞ்சலை எங்கள் தெருவிலேயே இருந்து மீன் விற்பவள். கடற்கரைக் குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் குரல் எழும்பினால் அடுத்த தெருப் பூனைகள் எங்கள் தெருவுக்கு வந்து நிற்கும்.

“இல்லக்கா, பொதுவா...”

“பொதுவாத்தான் கேக்குறேன். பொண்ணு செவப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்தபடியே ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளத்தில் விழாத வீடு ஒன்றுகூட இல்லை. தலைமை ஏற்றவர் சொல்தா சவரிநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சிப்பாய்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம். சைகோனில் குண்டு மழையில் நின்றும் ஒரு கீறல்கூடப் படாமல் ஊர் திரும்பியவர் அவர். திரும்பிய வாரமே எங்கள் பனங்கட்டை உருண்டு முன்பல் இரண்டைப் பறிகொடுத்தார். வாய்க்கால்மேல் அவருக்கு ஒரு தனிப்பட்ட யுத்தம் பாக்கி இருந்தது.

திட்டம் சுலபம். இடித்த வீடு ஒன்றிலிருந்து நல்ல கருங்கல் பலகைகள் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பழைய பலகைகளை எடுத்துவிட்டு, சேற்றை வாரி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்துக் கட்டி, புதுப் பலகைகளைப் போட்டுவிட வேண்டும். மத்தியானத்துக்குள் முடியும். சாயங்காலம் மாமனார் வரும்போது தெரு சமுக்காளம் விரித்த மாதிரி இருக்கும்.

வேலை நடக்கும்போது வாய் பிளந்து கிடக்கிற பள்ளத்தில் யாரும் விழாமலிருக்கத் தெருவின் இரண்டு முனையிலும் காவல் போட்டார் சொல்தா. காவலுக்கு ஒரே ஒரு சொல். பட்டாளத்தில் அவர் கற்ற சொல்.

“யாராவது வந்தா கைய நீட்டி, அடிவவுத்துலேர்ந்து சத்தமா ‘அத்தான்சியோன்!’னு கத்தணும். அந்தச் சத்தத்துக்குச் சைகோன்ல எருமகூட நிக்கும்.”

பிரெஞ்சில் அதற்கு ‘ஜாக்கிரதை’ என்று பொருள். பல் போன இடத்து வழியாக அவருடைய ‘சியோன்’ விசில் மாதிரி பறக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வடக்கு முனைக் காவலுக்கு நியமிக்கப்பட்ட அஞ்சலை மறுத்துவிட்டாள்.

“இன்னா சொல்தாய்யா வெளாட்றியா? தெருவுல போற வர்றவன எல்லாம் நானு அத்தான், அத்தான்னு கூப்புடணுமா? எம்புருசனையே நான் அப்டிக் கூப்ட்டதில்ல!”

“அத்தான் இல்லம்மா. அத்தான்சியோன். சியோன் வரைக்கும் சொல்லணும்.”

“சியோன் வர்றதுக்குள்ள அவன் வந்து கையப் புடிச்சிடுவான். எனக்கு ‘ஓரம் போ’ போதும்.”

அதோடு விட்டிருக்கலாம். நான் சும்மா இருந்தேனா? அஞ்சலையைப் பார்த்து, “ஒரு பிரெஞ்சு வார்த்தை சொல்ல வரலையாக்கா?” என்று நக்கலாகச் சிரித்தேன். தெற்கு முனைக்கு நானே போகிறேன் என்றேன். எல்லோருக்கும் முன்னால் அத்தான்சியோனை மூன்று தடவை அட்சரசுத்தமாகச் சொல்லியும் காட்டினேன். சொல்தா பூரித்துப்போய்த் தன் பழைய பட்டாளத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். அது காதுவரை இறங்கியது.

இப்படியாக, இடுப்பில் மடித்துக் கட்டிய அழுக்கு லுங்கி, மார்பெல்லாம் சேறு, தலையில் பிரெஞ்சு சர்க்கார் என்கிற கோலத்தில் தெற்கு முனையில் நின்றேன். முதலில் ஒரு சைக்கிள் வந்தது. “அத்தான்சியோன்!” நின்றது. பிறகு ஒரு பால்கார அம்மாள். “அத்தான்சியோன்!” செம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் அச்சாபீசில் பிறந்திருக்கவேண்டியவனே இல்லை, போர்க்களத்தில் பிறந்திருக்க வேண்டியவன் என்று முடிவு செய்த நேரத்தில்தான் அந்தப் புஸ்புஸ் வண்டி வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புஸ்புஸ் வண்டியை ஆள் முன்னால் இழுக்க மாட்டார், பின்னாலிருந்து தள்ளுவார். உட்கார்ந்திருப்பவர்தான் கையில் ஒரு நீளமான பிடியை வைத்துக்கொண்டு முன்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அதாவது வேகம் ஒருவரிடம், வழி இன்னொருவரிடம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் வாழ்க்கையில் மாட்டுவண்டி மட்டுமே ஓட்டியவராக இருந்தால், அந்தப் பிடியை மூக்கணாங்கயிறு என்று நினைத்துக்கொண்டு இழுப்பார்.

இவர் இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பெரிய நரை மீசை.

கோவிந்தசாமி!

சாயங்காலம் வருகிறேன் என்றவர் காலையிலேயே வந்துவிட்டார். (சொன்ன நேரத்துக்கு வந்தால் எல்லாம் பெருக்கித் துடைத்து வைத்திருப்பார்களாம். பிற்பாடு அவரே சொன்னார்.) நான் வாயைத் திறந்த கணமும் அவரை அடையாளம் கண்ட கணமும் ஒன்றாகிவிட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சொல் தொண்டைக்கு வந்தது. நான் வரி முடிந்தால் சொல்லை உடைப்பவன். அன்று எனக்கு உயிரே முடிந்த மாதிரி இருந்தது.

“அத்தான்!”

அவர் நிமிர்ந்தார்.

“அத்தான்... அத்தான்...!”

மீதி வரவேயில்லை. நாக்கு அங்கேயே கோடு போட்டு நின்றுவிட்டது. கையை நீட்ட வேண்டியவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “அத்தான்! அத்தான்!” என்று அவரை நோக்கி ஓடினேன். பள்ளத்துக்குள்ளிருந்து சொல்தா தலையை நீட்டி, “சியோன் எங்கடா? சியோன் சொல்றா!” என்று விசிலடித்தார்.

மாமனார் என்ன செய்வார் பாவம்! அந்தக் கோலத்தில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒருவன், தலையில் தொப்பியும் உடம்பில் சேறுமாகக் கட்டித் தழுவ ஓடி வருகிறான். அத்தான் என்று அவரைக் கூப்பிடக்கூடிய ஆள் அவர் மனைவியின் தம்பி மட்டும்தான். அவர் மனைவிக்குத் தம்பியே கிடையாது. அவர் கண்ணில் பயத்துக்கு முன்னால் தன் மாமனாரைப் பற்றிய ஒரு பழைய சந்தேகம் ஓடியதை நான் பார்த்தேன். பாதையை விட்டுவிட்டு முழு உடம்போடு என் பக்கம் திரும்பினார். கையில் இருந்த பிடியும் கூடவே திரும்பியது. நான் ஒதுங்கினேன். தள்ளுகிறவர் கையை விட்டார். வண்டி என்னைத் தாண்டிப் போய்ச் செங்கல் குவியலில் முட்டி நிற்க, அவர் மட்டும் நிற்காமல் வாய்க்காலுக்குள் போனார்.

ஆழம் இடுப்பளவுதான். உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்த நிலையில் இறங்கினார். மீசை மட்டும் வெள்ளையாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் குதித்துத் தூக்கியிருப்பான். நான் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவர் சேற்றைத் துப்பிவிட்டு என்னைத்தான் கேட்டார்: “ஏம்ப்பா... அச்சாபீஸ் ஏகாம்பரம் வூடு எது?”

“அவரு ஊர்ல இல்லீங்க” என்றேன்.

“எங்க போயிருக்காரு?”

“சைகோன்.”

அதற்குமேல் என்ன சொல்லியிருப்பேனோ! வடக்கு முனையிலிருந்து ஓடிவந்த அஞ்சலை எல்லாவற்றையும் முடித்துவைத்தாள். “அடப்பாவி ஏகாம்பரம்! பொண்ணு குடுக்க வந்த மனுசன இப்டிப் புடிச்சித் தள்ளிட்டியேடா!”

திரும்பி ஓடினேன். வீட்டுக்கு என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தவற்றைத்தான் இனிச் சொல்கிறேன்.

தெருவே பள்ளத்தில் இறங்கியது. சொல்தா, “ஆலே! ஆலே!” (நடங்கடா, நடங்கடா) என்று பட்டாளத்தை ஏவுவதுபோல ஏவ, நாலு பேர் கோவிந்தசாமியைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். அஞ்சலை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். “கண்ண மூடிக்கய்யா, மீசையில நத்தை இருக்குது” என்றாள். ஒரு வீட்டிலிருந்து எண்ணெய், ஒரு வீட்டிலிருந்து சுக்குக் காபி. சொல்தா தன் பட்டாள அரைக்கால் சட்டையைக் கொடுத்தார். வேட்டி காயும்வரை அரியாங்குப்பத்துப் பெரிய மனிதர் காக்கி டவுசரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்தார். தெற்கு முனையில் காவல் இல்லை என்று யாரோ சொன்னார்கள். எழுந்து அவரே போய் நின்றுகொண்டார். மாடு ஓட்டிய குரல். “ஏய்... ஓரம்! ஓரம்!” மத்தியானம்வரை ஒரு சைக்கிள்கூடப் பக்கத்தில் வரவில்லை.

பலகைகளைப் போட்டு முடித்ததும் என்னைக் கூண்டுக்குப் பின்னாலிருந்து அஞ்சலை காதைப் பிடித்து இழுத்து வந்தாள். கோவிந்தசாமி புதுப் பலகைகளின்மேல் ஏறி நின்று ஓங்கி மிதித்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் அசைந்தேன்.

“சைகோன்லேர்ந்து எப்ப வந்தீங்க?” என்றார்.

தொப்பியைக் கழற்றிச் சொல்தாவிடம் நீட்டினேன். நாக்கை நம்புகிற நிலையில் இல்லை.

அவர் சொல்தாவிடம் திரும்பினார். “பையன் ஓடிப்போயிட்டான். ஆனா தெரு ஓடியாந்துச்சு. எம்பொண்ணு நாளைக்கு வழுக்கி வுழுந்தா தூக்குறதுக்கு இத்தினி பேரு இருக்கீங்க. நான் தெருவுக்குத்தான் குடுக்குறேன்னு சொன்னேன். குடுக்குறேன்.” என்னைக் காட்டி, “பள்ளத்த மூடிட்டீங்க. இவன் வாய மூடறதுக்கும் எதாச்சும் பலகை இருந்தா பாருங்க” என்றார்.

வீட்டில் போய் அவர் நடந்ததைச் சொல்ல, வசந்தா இரண்டு நாள் சிரித்தாளாம். மூன்றாம் நாள், “சீக்கிரம் கட்டி வெய்ங்கப்பா, நேர்ல பாத்துச் சிரிக்கணும்” என்றாளாம்.

கல்யாணமான புதிதில், சினிமாவில் வருகிற மாதிரி என்னை அத்தான் என்று கூப்பிடேன் என்று கெஞ்சினேன்.

“அத எங்கப்பாவுக்குக் குடுத்துட்டீங்க. மிச்சம் இருக்குறத நான் வெச்சிக்குறேன்” என்றாள்.

அன்று முதல் என் பெயர் சியோன். ‘சியோன், சோறு ஆறுது.’ ‘சியோன், மழ வருது, துணிய எடுங்க.’ சொல்தா வீட்டம்மாள் அதைப் பைபிளில் வருகிற சீயோன் என்று கேட்டுவிட்டு, நான் வேதத்தில் சேர்ந்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு, ஒரு கிறிஸ்துமஸுக்கு எனக்குத் தனியாகக் கேக் கொடுத்தனுப்பினாள். (சேரவில்லை. கேக்கைத் திருப்பித் தரவுமில்லை.)

போன மாதம் என் மகளுக்கு எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் ஒரு பையன் வீடு பார்க்கப் போனோம். மாமனார் வழியில் நானும் முதலில் தெருவைப் பார்த்தேன். அகலமான தெரு, வாசலுக்கு வாசல் விளக்கு. மேலேயே பார்த்துக்கொண்டு கம்பீரமாக நடந்தேன்.

“சியோன்!” என்று பின்னாலிருந்து வசந்தா அலறினாள்.

நின்றேன். ஒரு கால் தரையில் இருந்தது. இன்னொரு கால் இருந்த இடத்தில் மூடியில்லாத ஒரு குழி. அந்தத் தெருக்காரர்கள் நாலாபக்கமும் இருந்து ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். பையனின் அம்மா மெதுவாகக் கேட்டாள்:

“ஏங்க, சியோன்னு யாரையோ கூப்ட்டீங்களே, அது யாரு?”

வசந்தா முந்தானையைச் சொருகிக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்தாள். அவள் அந்தக் கதையை முழுசாகச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆகும். நான் சேறு படிந்த காலை மடக்கி நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். ஒரு செருப்பு இன்னும் குழிக்குள்தான் இருந்தது.