படகுத்துறைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார்

வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு அதை நிறுத்தத் தெரியாது. அந்தப் பாதிக்கு ஒரு சங்கம் வைத்தால், தலைவி பதவிக்கு என்னை எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காது.

அப்போது நான் சென்னையில் பழைய கார் விற்கும் ஒரு ஷோரூமில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும், "சார் இதோ வந்துடுவார்" என்று பொய் சொல்வதும்தான் வேலை. வாடிக்கையாளர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து காரை ஓட்டிக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் நேராக முதலாளியம்மாவிடம் போய், "எந்த வண்டியா இருந்தாலும் ஓட்டுவேன் மேடம்" என்றேன். லைசென்ஸ் இருந்தது உண்மை. பழவேற்காட்டில் எங்கள் மீனவர் குப்பத்தில் மீன் ஏற்றும் குட்டி யானை மினி லாரியை ஓட்டியதும் உண்மை. (மற்ற வண்டிகளை எல்லாம் மனசுக்குள் ஓட்டியிருந்தேன்.)

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினார். "ரகு ஒரு வாரம் சொல்லித் தரட்டும். இதை ஒழுங்கா ஓட்டினா வேலை உனக்கு. ஏதாவது ஆச்சுன்னா இந்த மேசையும் கிடையாது."

மேசை போனால் பழவேற்காடு ஏரிதான். என் அம்மா இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். அவள் விரல்களைப் பார்த்திருந்தால், அந்த வேலைக்கு நான் ஏன் அப்படி அலைந்தேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ரகு அண்ணன் ஷோரூமில் எனக்கு சீனியர். நிதானமான மனிதர். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து கதவுப் பிடியை விட்டதே இல்லை. முதல் நாள் நான் குட்டி யானையை மிதிக்கிற மாதிரி ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். குட்டி யானை அப்படி மிதித்தால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கும். இந்தக் கார் யோசிக்கவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள்.

"மிதிக்காத தேசம்மா. காலை மேல வையி, அது போதும்" என்றார் ரகு அண்ணன், குரல் வந்த பிறகு.

அந்த வாரம் முழுக்க விடியற்காலையில் நெடுஞ்சாலைக்குப் போனோம். காலை வைக்கக் கற்றுக்கொண்டேன். முன்னால் போகிற லாரிக்கும் நமக்கும் நடுவே நிறைய இடம் விடவும், பக்கத்தில் பைக் பையன் உறுமிக் காட்டினால் பதிலுக்கு உறுமாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். கடைசி நாள் அவர், "இன்னிக்கு ரோடு உன் இஷ்டம்" என்றார். நான் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் திருப்பினேன். (குப்பத்தில் எல்லோரும் பார்க்க வேண்டாமா?)

பொன்னேரி தாண்டியதும் வேகத்தடைகள் ஆரம்பித்தன. அந்தக் காரின் வயிறு தரையிலிருந்து நாலு விரல்கடைதான். ரகு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் காரின் மூக்கைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். சின்னக் கீறல்கூட இல்லை.

"இதை எங்க கத்துகின?"

"போட்லதாண்ணா. அலை மேல நேரா ஏறுனா அடி தட்டும். சாச்சி ஏறணும்."

அவர் முதல்முறையாகக் கதவுப் பிடியை விட்டுவிட்டு, "ஷோக்கா ஓட்ற" என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. படகு ஓட்டத் தெரிந்தவளுக்குக் கார் ஒரு விஷயமே இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் குப்பத்துச் சாலை வீடுகளைத் தாண்டி, சரிவாக இறங்கி, படகுத்துறையில் முடிகிறது. கீழே நைனா நின்றுகொண்டிருந்தார். (எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) நான் வருவதாக போனில் சொல்லியிருந்ததால் சட்டையெல்லாம் போட்டிருந்தார்.

கரை நெருங்கும்போது படகு எப்படி வர வேண்டும் என்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கௌரவம் உண்டு. இன்ஜினைக் கொஞ்சம் முன்னாலேயே அணைத்துவிட வேண்டும். வந்த வேகத்திலேயே படகு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். கரையில் இருப்பவர் தண்ணீரில் இறங்கி படகின் மூக்கைப் பிடித்துக்கொள்வார். கரை வரைக்கும் உறுமிக்கொண்டு வருகிறவன் தொழில் தெரியாதவன்.

நான் தொழில் தெரிந்தவள் அல்லவா? சரிவில் இறங்கும்போது இன்ஜினை அணைக்க ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. விடாமல் அழுத்திப் பிடித்தேன். இன்ஜின் அணைந்தது.

கூடவே ஸ்டியரிங் கல்லானது. டேஷ்போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் திருவிழா சீரியல் செட் மாதிரி எரிந்தன. பிரேக்கைத் தட்டினேன். தட்டத் தட்ட அது இறுகிக்கொண்டே போனது.

"இன்னா பண்ண?" என்றார் ரகு அண்ணன்.

"ஆஃப் பண்ணிட்டேண்ணா."

"ஏன்?"

கல்லாகிப்போன பிரேக்கை நான் மறுபடியும் மிதித்தேன்.

அதைவிட மோசம், காருக்கு முன்னால் நடந்தது. கார் சத்தமில்லாமல் வருவதைப் பார்த்ததும் நைனா லுங்கியை மடித்துக் கட்டினார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காருக்கு நேரே வந்து நின்றார். நான் ஹாரனை அழுத்தினேன். மகள் சந்தோஷத்தில் அடிக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். வேலை, மேசை, முதலாளியம்மா எல்லாம் மறந்துபோயிற்று. என் நைனாவை நானே இடிக்கப் போகிறேன் என்பது மட்டும்தான் தெரிந்தது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

ரகு அண்ணன் கை நீட்டி பார்க்கிங் பிரேக்கை இழுத்துப் பிடித்தார். பின்சக்கரங்கள் மணலில் தேய்ந்துகொண்டு வந்தன, முன்சக்கரங்கள் சேற்றில் இறங்கின, மூக்கு தண்ணீரைத் தொட்டது. நைனா இரண்டு கையையும் பானட்டில் ஊன்றி, சேற்றில் கொஞ்ச தூரம் பின்னாலேயே சறுக்கிப் போனார். கார் நின்றது.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவர் நிமிர்ந்து பார்த்து, "புடிச்சிட்டேன், கயிறு குடு" என்றார்.

குப்பமே வந்து காரை இழுத்தது. சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு, படகுக் கயிற்றைக் கட்டி, ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் எதையும் கேட்காமல் தூக்கியே மேலே வைத்துவிட்டார்கள். திரும்பிப் போகிற வழியில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் கழுவினோம். கீறல் இல்லை. மறுநாள் காலையில் முதலாளியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

மறுநாள் ஷோரூமில் நான் வாயைத் திறப்பதற்குள், காரின் முன்பக்கக் கம்பி வலையிலிருந்து ஒரு நண்டு இறங்கி, பளிங்குத் தரையில் பக்கவாட்டில் நடந்து, முதலாளியம்மாவின் செருப்புக்கு முன்னால் வந்து நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நண்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "கடைசில கார் எப்படி நின்னுது?"

"எங்க நைனா புடிச்சிகினாரு மேடம்."

செருப்பை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, "வேலைக்கு அவரை அனுப்பு" என்றார்.

மேசை பிழைத்தது. ஆனால் முதலாளியம்மா பல மாதம் கார் சாவியைக் கண்ணிலேயே காட்டவில்லை. பிறகு ரகு அண்ணன் ஒரு காலி மைதானத்தில் முதலிலிருந்து சொல்லித் தந்தார். இந்த முறை நிறுத்துவதிலிருந்து ஆரம்பித்தார். இப்போது அந்த ஷோரூமில் அந்த மாதிரிக் கார்களை ஓட்டிக் காட்டுவது நான்தான்.

நைனாவிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். "அவ்ளோ பெரிய வண்டி வருது, வெலகணும்னு தோணலியா உனக்கு?"

அவர் பின்னிக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "வர்றது நீ. நான் எங்க வெலகுறது?"

இன்றைக்கும் நான் காரில் குப்பத்துக்குள் நுழைந்தால், யாரும் குழந்தைகளை ஓரமாக நிற்கச் சொல்வதில்லை. "தேசம்மா வருது, அவ நைனாவைப் புடிச்சு வையுங்க" என்றுதான் குரல் வரும். பிடித்து வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஹாரன் சத்தம் கேட்டதும் மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.